பன்னிரண்டு கம்பளிக்கு வந்த நோட்டீஸ்

விற்பனை வரி ஃபாரத்தில் 'வியாபாரத்தின் தன்மை' என்று ஒரு கட்டம் இருக்கும். கொடைக்கானல் பஜாரில் நான் கணக்கெழுதிப் பிழைத்த அத்தனை வருஷத்தில், அந்தக் கட்டத்துக்குள் அடங்கிய கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

நீங்களும் பட்டிருப்பீர்கள். ஏதோ ஒரு ஆபீசில் ஏதோ ஒரு ஃபாரம். தொழில் என்ற இடத்தில் ஒன்றை எழுதி, அதை அடித்து, ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றை எழுதி, கடைசியில் 'இதர' என்று போட்டுவிட்டு வந்திருப்பீர்கள். எனக்கு அதுவே பிழைப்பு. ஐம்பதுகளின் நடுவில் பழனியில் ஒரு பாத்திரக் கடையில் குமாஸ்தாவாக இருந்தவன், மூச்சிரைப்புக்கு மலைக்காற்று நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி மேலே வந்தேன். மூச்சிரைப்பு போகவில்லை. கூடவே சளியும் பிடித்துக்கொண்டது. ஆனால் பஜாரில் வரிக் கணக்கெழுத ஆளில்லை என்று தெரிந்ததும் அங்கேயே தங்கிவிட்டேன்.

வானத்தைப் பார்த்து எழுதுங்க

என் வாடிக்கைக்காரர்களில் முத்தையா மாதிரி என்னைப் படுத்தியவர் யாருமில்லை. நல்ல மனுஷர். ஆனால் அவருடைய கடை ஒரு கடையா? பத்தடிக்குப் பத்தடி இடம். வெள்ளனே போனால் இட்லியும் டீயும் கிடைக்கும். கொஞ்சம் வெயில் ஏறினால் அதே பெஞ்சில் பூண்டு மூட்டை உட்கார்ந்திருக்கும். லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு வாளிக் கணக்கில் வெந்நீர் போகும். சீசனுக்கு வந்து குளிரில் நடுங்குகிற டூரிஸ்டுகளுக்குக் கம்பளி வாடகைக்குக் கிடைக்கும். முத்தையாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சம்சாரம் பாக்கியம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். கடை நோட்டு அவள் கையில். எப்படி எழுதவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த புத்திசாலி நான்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வரி கட்டுகிற அளவுக்கு அவர்களுக்கு வியாபாரம் கிடையாது. வருஷத்துக்கு இவ்வளவு விற்றால்தான் வரி என்று ஓர் எல்லை உண்டு. முத்தையா அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. இருந்தாலும் கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கட்டுமே என்று ஒரு நாள் ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "வியாபாரத்தின் தன்மை என்னன்னு போடட்டும்?" என்று கேட்டேன். மனுஷர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "மழை பேஞ்சா ஒரு யாவாரம், வெயிலடிச்சா ஒரு யாவாரம், பனி எறங்குனா ஒரு யாவாரம். நீங்க வானத்தப் பாத்து எழுதுங்க கணக்கய்யா!"

யார் மரத்துக் காய்

முத்தையா கதைக்கு முன்னால் பேத்துப்பாறைக்காரர் ஒருவரைச் சொல்லவேண்டும். பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்தார். சொந்த நிலத்தில் விளைந்ததை விற்றால் அது வரிக் கணக்கில் சேராது; அடுத்தவரிடம் வாங்கி விற்றால் சேரும். சட்டம் இதுவரைக்கும் அழகாகத்தான் இருக்கிறது. இவரோ கூடை நிறையவில்லை என்றால் பக்கத்துத் தோட்டத்துக் காயையும் போட்டு நிரப்பி அனுப்புகிறவர். வரி ஆபீசர் கூடையைக் காட்டி, "உன் காய் எது, வாங்கின காய் எது, பிரிச்சுச் சொல்லு" என்றார்.

பேரிக்காயில் பேர் எழுதியா இருக்கிறது? நான் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன். தோட்டக்காரர் ஒரு காயை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆபீசர் மேசைமேல் வைத்துச் சொன்னார்: "அவன் மரத்துக் கெளை எங்க வேலிக்கு இந்தப் பக்கம் வந்து காய்க்கிது. அது யார் காய்னு எங்கப்பன் காலத்துலேயே தீரல. நீங்க இன்னைக்கே தீத்து வச்சிட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சாமி!"

தையல் மட்டும் கொஞ்சம் விலை

ஏரிக்குப் போகிற வழியில் ஒரு கோட்டுத் தையல்காரர். துணியும் அவரே விற்பார், தைத்தும் கொடுப்பார். துணி விற்றால் வரி உண்டு, தையல் கூலிக்கு இல்லை. ஆகவே பில்லில் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அடுத்த மாசம் பில் புத்தகத்தைப் பார்க்கிறேன், கம்பளித் துணி கஜம் எட்டணா! தையல் கூலி நாற்பது ரூபாய்! "என்னய்யா அநியாயம் இது?" என்று கத்தினேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "துணிய ஒரு பிரியத்துல குடுத்தேங்க. கைவேலைதான் கொஞ்சம் வெல."

ஏரித் தண்ணி, விறகுக் காசு

இனி முத்தையா வீட்டுச் சங்கதி. ஒரு ஜனவரி மாசம், கீழே ஆபீசிலிருந்து புதிதாக வந்த ஆபீசர் ஒருவர் மூன்று நாள் கேம்ப் வந்தார். சமவெளி மனுஷர். காதைச் சுற்றி மப்ளர், அதற்குமேல் துண்டு. பேசும்போது வாயிலிருந்து வருகிற ஆவியைத் தானே வேடிக்கை பார்ப்பார். கூட ஒரு பியூன். மூன்றாம் நாள் காலையில், மலை இறங்குவதற்கு முன்னால், இருவரும் முத்தையா கடைக்குள் நுழைந்தார்கள். எனக்கு ஆள் வந்தது. சளியோடு ஓடினேன்.

ஆபீசர் முதலில் வெந்நீர் அண்டாவைப் பிடித்துக்கொண்டார். வாளிக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை வாளி, இது விற்பனைச் சரக்கா இல்லை வேலைக்கு வாங்குகிற கூலியா என்று கேட்டார். நான் சட்டத்தைத் தேடித் தொண்டையைக் கனைப்பதற்குள் முத்தையா முந்திக்கொண்டார்: "தண்ணிக்குக் காசு வாங்குறதில்லங்க, அது ஏரித் தண்ணி. காசு வெறகுக்கு. வெறகு எரிஞ்சு போச்சு, வேணும்னா சாம்பலப் பாத்துக்கிடுங்க."

நானூறு கம்பளி

ஆபீசருக்குச் சிரிப்பு வந்தது. அதோடு போயிருப்பார். போகிற போக்கில் பாக்கியத்தின் நோட்டைப் புரட்டினார். புரட்டியவர் உட்கார்ந்துவிட்டார். 'கம்பளி விற்றது.' 'கம்பளி விற்றது.' பக்கத்துக்குப் பக்கம் கம்பளி. ஆள் பேரை விட்டுவிட்டுக் கம்பளியை மட்டும் எண்ணி முடித்தபோது ஒரே வருஷத்தில் நானூறு கம்பளி விற்றிருந்தது கடை. ஒவ்வொன்றும் பதினைந்து ரூபாய். பத்தடிக்குப் பத்தடிக் கடையில் நானூறு கம்பளியை எங்கே வைப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். பியூன் என்னவோ உத்தரத்தில் பல்லியைத் தேடுகிற மாதிரி மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. கம்பளியைச் சேர்த்தால் கடை வரி எல்லையைத் தாண்டிவிட்டதாம். போன இரண்டு வருஷமும் இப்படித்தான் விற்றிருக்கவேண்டும் என்று அவர்களாக ஒரு கணக்கு. மூன்று வருஷ வரி, மறைத்ததற்கு அபராதம். தொகையை இரண்டு தடவை வாசித்துச் சொன்னேன். முத்தையாவிடம் அந்தத் தொகைக்கு விற்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேல்மலையில் பாக்கியத்துக்கு அவள் அம்மா கொடுத்த அரை ஏக்கர் பூண்டுக் காடு. பாக்கியம் அழவில்லை. விளக்குமாற்றை எடுத்தவள் பெருக்காமலே நின்றுகொண்டிருந்தாள். பிறகு முத்தையாவைப் பார்த்துச் சொன்னாள்: "காட்ட விக்கணும்னா வித்துக்கிடுங்க. ஆனா நான் பொய் எழுதுனேன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது."

கைக்கு வந்தா வாங்கினது

"நானூறு கம்பளி எங்கே விற்றாய் தாயே?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் உள்ளே போய்ப் பன்னிரண்டு கம்பளியைக் கொண்டுவந்து போட்டாள். மொத்தமே அவ்வளவுதான். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கலர் ஒட்டுத் துணி, அதில் நூலால் தைத்த நம்பர். வாடகைக்கு எடுக்கிறவர் கம்பளியோடு பஸ் ஏறிவிட்டால் என்ன செய்வது? அதற்காகப் பதினைந்து ரூபாய் முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். கம்பளி திரும்பி வந்ததும், நாளுக்கு அரை ரூபாய் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுவார்கள். மலையில் எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். பாக்கியம் அதை எப்படி எழுதியிருந்தாள் தெரியுமா? கம்பளி போகும்போது 'விற்றது, பதினைந்து.' திரும்பி வரும்போது 'வாங்கியது, பதினாலு.' இப்படியே பன்னிரண்டு கம்பளியை நானூறு தடவை விற்று, நானூறு தடவை வாங்கியிருக்கிறாள்.

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? யாரும்மா இப்படி எழுதச் சொன்னது?" என்று எகிறினேன். கேட்ட வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். போன வருஷம் டீ குடிக்க வந்தபோது, பெரிய மேதாவி மாதிரி காலை ஆட்டிக்கொண்டு நான் சொன்னது அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது: "நீங்கதானண்ணே சொன்னீங்க? 'கடைய விட்டுப் போனா வித்தது, கைக்கு வந்தா வாங்கினது, நடுவுல யோசிக்கவே கூடாது'ன்னு!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. டீ ஓசியாகக் கிடைக்கிற இடத்தில் ஓசிப் புத்தி சொல்லி, ஒரு குடும்பத்தின் காட்டுக்கு வேட்டு வைத்துவிட்டேன். முத்தையா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் இன்னொரு டீ போட்டு என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "விடுங்க கணக்கய்யா, குடிங்க. இதை எந்தப் பக்கம் எழுதணும்னு மட்டும் சொல்லிராதீங்க."

வியாபாரமா, இல்லையா?

விசாரணைக்குப் பன்னிரண்டு கம்பளியையும் கொண்டுபோவது என்று முடிவு செய்தோம். கடையை முத்தையா பார்த்துக்கொள்ள, நானும் பாக்கியமும் காலை பஸ்ஸில் இறங்கினோம். மூட்டை ஓர் ஆள் உயரம். கண்டக்டர் லக்கேஜ் சார்ஜ் போட வந்து, "கம்பளி யாவாரமா ஆத்தா?" என்று கேட்டார். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கியம் மூட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யாவாரம் இல்லைங்க. யாவாரம் இல்லைன்னு காட்டத்தான் கொண்டுபோறோம். அதுக்கும் லக்கேஜ் உண்டா?"

எட்டாம் நம்பர்

கீழே வெயில் மண்டையைப் பிளந்தது. ஆபீசர் இப்போது மப்ளர் இல்லாமல், சட்டை மேல் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பாக்கியத்தின் நோட்டு. நான் கம்பளியை விரித்துக்காட்டி, முன்பண வழக்கத்தைச் சொல்லி, வாடகை விற்பனை ஆகாது என்று மூச்சிரைக்க வாதாடினேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நோட்டின்மேல் விரலை வைத்து, "கம்பளி பேசாதுய்யா, நோட்டுதான் பேசும். 'விற்றது'ன்னு அவங்க கையாலேயே எழுதியிருக்காங்க. விற்றதுன்னா விற்றதுதான், நான் என்ன பண்ணட்டும்?" என்றார். பூண்டுக் காடு போயிற்று என்றே நினைத்தேன்.

பாக்கியம் குவியலிலிருந்து ஒரு கம்பளியை உருவினாள். சிவப்பு ஒட்டு, எட்டாம் நம்பர். "அய்யா, நோட்டுல கடைசிப் பக்கத்துக்கு முந்துன பக்கம் பாருங்க" என்றாள். ஆபீசர் புரட்டினார். உரக்கவே வாசித்தார்: "கேம்ப் ஆபீசர் அய்யாவுக்கு, பியூன் மூலம், எட்டாம் நம்பர் கம்பளி விற்றது, ரூபாய் பதினைந்து." குரல் இறங்கியது. பக்கத்தைத் திருப்பினார். "கேம்ப் ஆபீசர் அய்யாவிடம் எட்டாம் நம்பர் கம்பளி வாங்கியது, ரூபாய் பதின்மூன்றரை." வாசலில் நின்ற பியூன் மறுபடியும் உத்தரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கேம்ப் வந்த அன்று குளிரில் நடுங்கின ஆபீசர் பியூனிடம் 'எங்கிருந்தாவது ஒரு கம்பளி கொண்டா' என்று சொல்லியிருக்கிறார். எந்தக் கடை என்று அவர் கேட்கவுமில்லை, பியூன் சொல்லவுமில்லை.

பாக்கியத்தின் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்: "அன்னைக்கு நான் வித்தது நெசம்னா, மூணாம் நாளு நீங்க எனக்கு வித்ததும் நெசம்தானுங்களே?" ஆபீசர் எட்டாம் நம்பரைக் கையில் வாங்கினார். ஒட்டுத் துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'வாடகையே, விற்பனை அல்ல, நோட்டீஸ் ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "லைசென்ஸ் இல்ல, பில் இல்ல, அதுவும் ஒண்ணரை ரூபா நட்டத்துக்கு வித்திருக்கேன். மொதல் நோட்டீஸ் எனக்குத்தான்யா அனுப்பணும்!"

போயிட்டு வர்றது

திரும்பி வருகிற பஸ்ஸில் பாக்கியம் கம்பளி மூட்டையில் தலையைச் சாய்த்து, மலை ஏறுகிறவரைக்கும் நன்றாகத் தூங்கினாள். நோட்டீஸ் வந்ததிலிருந்து அவள் தூங்கவே இல்லை என்று முத்தையா பிறகு சொன்னார். எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷம். இறங்குகிற இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் கடைக் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

அடுத்த வாரம் டீ குடிக்கப் போனால், புது நோட்டு. இரண்டு பத்தி இருந்த இடத்தில் இப்போது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மூன்று பத்தி. முதலாவது 'விற்றது'. இரண்டாவது 'வாங்கியது'. மூன்றாவதுக்கு அவளே ஒரு பேர் வைத்திருந்தாள்: 'போயிட்டு வர்றது'. கம்பளி அத்தனையும் அதில். எத்தனை சட்டப் புத்தகம் புரட்டினேன், எத்தனை ஃபாரம் அடித்து அடித்து எழுதினேன், இந்தச் சொல் எனக்குத் தோன்றவில்லையே! "பலே பாக்கியம்!" என்று வாய்விட்டுப் பாராட்டிக்கொண்டே கண்ணை ஓட்டினேன். மூன்றாவது பத்தியின் முதல் வரியில் என் பேர் இருந்தது. பாக்கியம் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "அது குடைங்கண்ணே. போயிருச்சு, இன்னும் வரல."

இத்தனை வருஷம் ஊரார் வியாபாரத்தையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்ட என்னை, மலையில் ஒரே ஒருத்திதான் சரியான கட்டத்தில் போட்டாள்.